குடுவையில் கொழித்தது தொட்டியில் ஏன் திணறுகிறது?

தேவகோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பூட்டிக் கிடந்த பூர்விக வீட்டின் மூன்றாம் கட்டைத் திறந்து சுத்தம் செய்து, பயிர்நோயைத் தடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸைத் திரவமாகத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கூம்புக் குடுவையில் ஊற்றிக் குலுக்கியில் வைத்தால் 24 மணி நேரத்தில் ஒளியடர்த்தி (செல் பெருகப் பெருகக் கூடும் கலங்கலின் அளவு) 7 வரை ஏறுகிறது. அதே விதை (தொடக்கமாக ஊற்றும் பாக்டீரியாக் கல்ச்சர்), அதே ஊடகம் (அது வளரும் சத்துநீர்), 200 லிட்டர் எவர்சில்வர் தொட்டியில் 150 லிட்டர் நிரப்பி, அடியில் ஒரு குழாய் வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று விட்டால், மறுநாள் காலையில் 1.5-ஐத் தாண்டுவதில்லை. கிளிசராலை இரு மடங்காக்கினார், மாற்றமில்லை. பெப்டோனைக் கூட்டினார், செலவுதான் கூடியது. விதைக் கல்ச்சரில் பழுது என்று யாரோ சொல்ல, புதிதாக வாங்கிப் பார்த்தார், அதுவும் அப்படியே. "இன்னும் என்ன சத்துச் சேர்க்க வேண்டும்? இதைச் சரிசெய்துவிட்டு 1000 லிட்டர் தொட்டி வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

எந்தச் சத்தும் சேர்க்க வேண்டாம், தம்பி. போட்டதே தின்னப்படாமல் கிடக்கிறது. உங்கள் தொட்டியில் தட்டுப்பாடு ஆக்சிஜனுக்குத்தான். காற்று விடுகிறோமே என்பீர்கள். விடுகிறீர்கள், அது கரையவில்லை. காற்றை உள்ளே அனுப்புவது ஒரு வேலை, அதிலுள்ள ஆக்சிஜனைத் தண்ணீரில் கரைய வைப்பது வேறொரு வேலை. ஃபெர்மென்டர் என்ற, நுண்ணுயிர் வளர்க்கும் கருவியின் பொறியியலில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலைக்காகவே உண்டானது.

நல்ல வேளை, மணிக்கு ஒருமுறை ஒளியடர்த்தி பார்த்து எழுதி வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் கேள்வி கேட்டு வருபவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. உங்கள் குறிப்பில் உள்ளவை இவை: 2-ஆம் மணியில் 0.05, 3-இல் 0.09, 4-இல் 0.16, 5-இல் 0.23, 6-இல் 0.30, 7-இல் 0.37, 8-இல் 0.44. இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். 2-இலிருந்து 4 வரை ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 1.8 மடங்கு. அதன் பிறகு ஒவ்வொரு மணிக்கும் சரியாக 0.07 கூடுகிறது. பெருக்கலாக ஓடிய வளர்ச்சி நான்காம் மணியோடு கூட்டலாக மாறிவிட்டது. நோயின் பெயரை இந்த ஒரு மாற்றமே சொல்லிவிடுகிறது.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் அடிப்படை வேண்டும். பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவது. தடையில்லாத காலத்தில் இருக்கும் செல்களின் அளவுக்கு ஏற்பப் புதிய செல்கள் வரும். வட்டிக்கு வட்டி என்ற கணக்கு செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த வட்டி வீதத்தைத்தான் தன்வளர்ச்சி வீதம் என்கிறோம். உங்கள் கல்ச்சரில் முதல் மணிகளில் அது மணிக்கு 0.58; அதாவது ஒரு மணி 12 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. ஃபுளோரசன்ஸுக்கு இது ஆரோக்கியமான வேகம். ஆகவே விதையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுக் கல்ச்சருக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

உணவு கூடினால் இந்த வீதம் எப்படிக் கூடும் என்பதைப் பிரெஞ்சு உயிரியலாளர் ழாக் மோனோ 1940-களில் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். உணவின் செறிவு மிகக் குறைவாக இருக்கும்போது வளர்ச்சி வீதம் அதோடு சேர்ந்து ஏறும். ஓர் அளவுக்கு மேல் உச்சத்தைத் தொட்டு அப்படியே நிற்கும். வீதம் உச்சத்தில் பாதியாக இருக்கும் செறிவை அரைநிறைவு மாறிலி என்பார்கள். ஈ. கோலை பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸில் அது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் ஊற்றுவது லிட்டருக்கு 10 கிராம், அதாவது 10,000 மில்லிகிராம். கணக்குப்படி வளர்ச்சி உச்ச வீதத்தில் 99.96 விழுக்காடு. இரு மடங்காக்கினால் 99.98. உங்கள் கிளிசராலுக்கும் பூச்சியத்தை ஒட்டிய இதே கதைதான். அதிகச் செலவில் வாங்கிய லாபம் அந்த 0.02 விழுக்காடு.

இப்போது ஆக்சிஜனுக்கு வருவோம். சர்க்கரை தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று கேட்டால் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான கிராம். ஆக்சிஜன்? 30 டிகிரி செல்சியஸில், காற்றோடு முழுச் சமநிலை அடைந்த தூய தண்ணீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம். உப்பும் பெப்டோனும் சேர்ந்த ஊடகத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். கரைதிறன் இவ்வளவு சிறியது என்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். சர்க்கரையை ஒருமுறை கொட்டிவிட்டால் இரண்டு நாளைக்குக் காணும். ஆக்சிஜனைச் சேமித்து வைக்க முடியாது. நொடிக்கு நொடி ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு வேகத்தில் ஊட்ட வேண்டும்? முழுக் காற்றுச் சுவாசத்தில் வளரும் பாக்டீரியா ஒரு கிராம் உலர் எடை கூட, தோராயமாக ஒரு கிராம் ஆக்சிஜன் எடுக்கும். உணவைப் பொறுத்து இது மாறும். கணக்குப் போட இந்த அளவு போதும். லிட்டருக்கு ஒரு கிராம் செல், மணிக்கு 0.58 வீதத்தில் வளர்கிறது என்றால் அதற்கு மணிக்கு 580 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். கையிருப்போ 7.5 மில்லிகிராம். காற்றை நிறுத்தினால் எத்தனை நேரம் தாங்கும்? 47 நொடி. கரண்ட் போய் ஜெனரேட்டர் எழுவதற்குள் கல்ச்சர் மூச்சுத் திணறிவிடும்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டையடுப்பில் அண்டா அண்டாவாகச் சோறு தயார். வளவு முழுக்க இலை போட்டாயிற்று. பரிமாறுவதற்கு இருப்பவர்கள் மட்டும் இரண்டே பேர். இலைகள் பத்தாக இருந்தவரை குறை தெரியாது. நூறானதும் பந்தி நகரும் வேகத்தை அந்த இரண்டு பேரின் கால்கள்தான் தீர்மானிக்கும். உள்ளே போய் இன்னோர் அண்டா சோறு வடிக்கச் சொன்னால் என்ன பயன்? நீங்கள் கிளிசராலைக் கூட்டியது அதுதான்.

பரிமாறும் வேகத்துக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு கேஎல்ஏ. ஆக்சிஜன் கரையும் வேகம் இரண்டின் பெருக்கல்: ஒன்று கேஎல்ஏ, மற்றொன்று, கரையக்கூடிய உச்ச அளவுக்கும் இப்போது கரைந்திருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி. இடைவெளியின் உச்சம் 7.5 மில்லிகிராம், அதை நம்மால் பெரிதாக நீட்ட முடியாது. தொட்டியை அழுத்தத்தில் ஓட்டலாம், தூய ஆக்சிஜன் கலக்கலாம். இரண்டும் பெரிய ஆலைகளின் வழி. மூன்றாம் கட்டில் உருளை ஆக்சிஜனை வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம். ஆக, நம் கையில் மிஞ்சுவது கேஎல்ஏ ஒன்றுதான்.

உங்கள் தொட்டியின் கேஎல்ஏ எவ்வளவு என்பதை உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடலாம். ஒளியடர்த்தி 1 என்பது சுமார் 0.4 கிராம் உலர் எடை. மணிக்கு 0.07 ஏற்றம் என்றால் லிட்டருக்கு 28 மில்லிகிராம் செல். ஆகவே மணிக்கு 28 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைகிறது. அதற்கு மேல் இல்லை. 28-ஐ 7.5-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 4. சரிபார்க்க ஒரு வழியும் உண்டு. மணிக்கு 28 மில்லிகிராம் ஆக்சிஜன் எத்தனை செல்லை முழு வேகத்தில் வளர விடும்? 28-ஐ 0.58-ஆல் வகுத்தால் 48 மில்லிகிராம், ஒளியடர்த்தியில் 0.12. உங்கள் வளைவு முறிந்ததும் 0.09-க்கும் 0.16-க்கும் நடுவில்தான். கணக்கும் தொட்டியும் ஒன்றையே சொல்கின்றன.

குடுவை ஏன் தப்பித்தது? 250 மில்லி குடுவையில் 50 மில்லி ஊற்றி வேகமாகக் குலுக்கும்போது திரவம் சுவரில் மெல்லிய படலமாக ஏறி இறங்குகிறது; சிறு கொள்ளளவுக்குப் பெரிய பரப்பு. அங்கே கேஎல்ஏ மணிக்கு 100-ஐ ஒட்டிப் போகும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், இன்றே பார்த்துவிடுங்கள்: அதே குடுவையில் 50 மில்லிக்குப் பதில் 150 மில்லி ஊற்றி, அதே வேகத்தில் குலுக்குங்கள். தொட்டியின் நோய் நாளைக் காலை குடுவையிலும் வந்திருக்கும். காசு செலவில்லாத சோதனை. ஆயிரம் விளக்கத்தைவிட மேல்.

கேஎல்ஏ என்பது இரண்டு சங்கதிகளின் பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். முதல் பாதி, ஆக்சிஜன் குமிழின் தோலைத் தாண்டித் திரவத்துக்குள் நுழையும் வேகம். குமிழைச் சுற்றி ஓடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அங்கே தடை. 1923-இல் விட்மன் முன்வைத்த இருபடலக் கொள்கை இதைத்தான் சொல்கிறது. ஆக்சிஜன் தண்ணீரில் அரிதாகக் கரைவதால், குமிழின் உள்பக்கத்து வாயுப் படலம் ஒரு தடையே இல்லை. தடை முழுவதும் நீர்ப்பக்கத்தில். இரண்டாம் பாதி, ஒரு லிட்டர் திரவத்தில் எவ்வளவு குமிழ்ப் பரப்பு இருக்கிறது என்பது. முதல் பாதியை நம்மால் அதிகம் அசைக்க முடியாது. இரண்டாவதைப் பத்து மடங்கு, இருபது மடங்கு கூட்டலாம். அதே கனஅளவு காற்றை 6 மில்லிமீட்டர் குமிழ்களாக விடுவதற்குப் பதில் 2 மில்லிமீட்டர் குமிழ்களாக உடைத்தால் பரப்பு மூன்று மடங்கு. சிறு குமிழ் மெதுவாக ஏறுவதால் உள்ளே தங்கும் காற்றும் கூடுகிறது. அது தனி லாபம்.

உங்கள் தொட்டியிலோ திறந்த குழாய் வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் குமிழ்கள் குபுகுபுவென்று கிளம்பி, முக்கால் மீட்டர் உயரத்தை மூன்று நொடியில் கடந்து வெளியே போய்விடுகின்றன. பார்க்க ஆரவாரமாக இருக்கும். நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றில் மணிக்கு ஏறத்தாழ 970 கிராம் ஆக்சிஜன் உள்ளே போகிறது. 150 லிட்டரிலும் சேர்த்துக் கரைவது 4 கிராம் சொச்சம். ஆயிரத்தில் நான்கு பங்கு, மிச்சம் கூரைக்கு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் பெரிய கம்ப்ரஸர் வாங்கச் சொல்பவர் உங்கள் நண்பராக இருக்க முடியாது. கம்ப்ரஸர் விற்பவராக வேண்டுமானால் இருக்கலாம்.

செய்ய வேண்டியது குமிழை உடைப்பது. திறந்த குழாயை எடுத்துவிட்டு, ஒரு மில்லிமீட்டர் துளைகள் போட்ட வளையக் குழாயை அடியில் வையுங்கள். அதற்குச் சற்று மேலே, நடுத்தண்டில் ஆறு தட்டைத் தகடு கொண்ட ரஷ்டன் வகைக் கலக்கி. தொட்டியின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்றால் கலக்கியின் விட்டம் 17. சுவரில் நான்கு தடுப்புத் தகடுகள், ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் அகலம். இந்தத் தடுப்புத் தகட்டை வெல்டிங் பட்டறையில் "எதற்கு வேண்டாத வேலை" என்று விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். அது இல்லாவிட்டால் திரவம் மொத்தமாகச் சுழன்று நடுவில் குழியும், கலக்கியோடு சேர்ந்து ஓடும், குமிழ் உடையாது. உங்கள் திரவ உயரம் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு என்பதால், அதே தண்டில் மேலே இன்னொரு கலக்கி இருந்தால் நல்லது; முதலில் ஒன்றை வைத்தே தொடங்கலாம்.

நிமிடத்துக்கு 300 சுற்றில் இந்தக் கலக்கி தண்ணீரில் இழுக்கும் திறன் சுமார் 90 வாட். காற்று கலந்ததும் அது இறங்கும். 50 முதல் 55 வாட் என்று கொள்ளலாம். வான்ட் ரீட் என்ற டச்சுப் பொறியாளர் 1979-இல் தொகுத்துத் தந்த சூத்திரத்தில், கனமீட்டருக்கு 355 வாட்டும் உங்கள் காற்று வேகத்தையும் போட்டால் கேஎல்ஏ மணிக்கு 70 வருகிறது. இந்தச் சூத்திரத்தை அப்படியே வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஊடகத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு இப்படியோ அப்படியோ போகும். ஆனாலும் 4 எங்கே, 70 எங்கே! காற்று முன்பு விட்ட அதே 60 லிட்டர்தான். தேவை ஓர் அரை எச்பி மோட்டார். வேகத்தைக் கூட்டினால் இன்னும் கிடைக்குமே என்றால், கிடைக்கும். சுற்று இரு மடங்கானால் இழுக்கும் திறன் எட்டு மடங்கு, கேஎல்ஏ கூடுவதோ இரண்டேகால் மடங்கு. எங்கே நிறுத்துவது என்பதை மின்கட்டணம் சொல்லும்.

70 கிடைத்தால் வளைவு எப்படி மாறும்? கரைந்த ஆக்சிஜன் ஒரு மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் காக்க விரும்பினால், மணிக்கு 455 மில்லிகிராம் ஊட்ட முடியும். பெருக்கல் வளர்ச்சி ஒளியடர்த்தி 2 வரை தடையில்லாமல் ஓடும். அதற்கு மேல் நேர்க்கோடுதான், ஆனால் மணிக்கு 1.1 ஏறும் கோடு. உணவும் சூடும் ஒத்துழைத்தால் அடுத்த ஐந்து மணியில் 7. பழைய வேகத்தில்போல நான்கு நாள் காத்திருக்கத் தேவையில்லை.

ஐந்து மணி என்றேன். நம் ஊர்ச் சூடு அதற்கு விட வேண்டும். இங்கேதான் செட்டிநாட்டுக்காரர் வெளியூர்ப் பாடப்புத்தகத்தை விட்டு விலகி யோசிக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியா ஒவ்வொரு மோல் (32 கிராம்) ஆக்சிஜனை எரிக்கும்போதும் ஏறத்தாழ 460 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. எந்த உணவைத் தின்றாலும் கிட்டத்தட்ட இதே அளவு. ஆக்சிஜன் கரையாத உங்கள் பழைய தொட்டியில் இது கண்ணுக்கே தெரியாது. கேஎல்ஏவைக் கூட்டியவுடன், மணிக்கு 455 மில்லிகிராம் வீதத்தில், 150 லிட்டருக்கு 270 வாட் வெப்பம். கலக்கியின் உராய்வையும் சேர்த்தால் 330 வாட். வெப்பம் வெளியே போக வழியில்லாவிட்டால் மணிக்குச் சுமார் 2 டிகிரி ஏறும். காலை 30 டிகிரியில் தொடங்கியது மாலையில் 40-ஐ நெருங்கும். ஃபுளோரசன்ஸுக்கு ஏற்றது 25 முதல் 30. 41 டிகிரியில் அது வளராது என்பதை வைத்தே ஆய்வகத்தில் அதை அதன் இனத்துச் சூடோமோனாஸ் ஏருகினோசாவிலிருந்து பிரித்தறிகிறார்கள்.

குளிர்விக்கும் தண்ணீர் எங்கே? சித்திரை மாதத்து மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். கல்ச்சரைவிடச் சூடாக இருக்கும். அதைச் சுருள் குழாயில் விட்டால் குளிர்விக்காது, காய்ச்சும். மண்ணுக்கடியில் இருக்கும் தொட்டியின் தண்ணீர் பரவாயில்லை. அதுவும் கோடையில் 28-க்குக் கீழே வருவது கடினம். இரண்டு டிகிரி வித்தியாசத்தில் 330 வாட்டைக் கடத்த நீளமான சுருள் வேண்டும். சிறிய குளிர்நீர் இயந்திரம் ஒன்றைத் தொட்டிக்கு முன்பாகவே வாங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வாங்கும் வரை பொழுதைப் பயன்படுத்துங்கள்: மாலையில் விதை ஊற்றினால் வெப்பம் உச்சம் தொடும் நேரம் பின்னிரவில் விழும். சுண்ணாம்புக் கட்டடமும் தடித்த சுவரும் உங்களுக்கு இருக்கும் வசதி. தகரக் கொட்டகைக்காரருக்கு இது கிடையாது. சூடு கூடினால் ஆக்சிஜனின் கரைதிறனும் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 25 டிகிரியில் 8.3, 30-இல் 7.5, 40-இல் 6.4. வெயில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. பெப்டோன் ஊடகத்தைச் சிறு குமிழ்களால் அடித்தால் நுரை பொங்கும். 200-இல் 150 நிரப்பியிருப்பது அதிகம். முதல் ஓட்டங்களில் 130 போதும். சிலிகான் நுரைக்கொல்லியைச் சொட்டுச் சொட்டாக, நுரை ஏறும்போது மட்டும் விடுங்கள். அது குமிழ்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கும். தாராளமாக ஊற்றினால் பாடுபட்டுச் சேர்த்த கேஎல்ஏ பாதியாகக்கூட இறங்கும். கடலை எண்ணெய் ஊற்றும் பழக்கமும் உண்டு. அதுவும் குமிழைச் சேர்க்கத்தான் செய்யும், கழுவும்போது தொட்டியெங்கும் பிசுக்கு வேறு. கழுவுவதைச் சொல்லும்போது நினைவுக்கு வருகிறது: பிஎச் சரிசெய்யும் அமிலத்தை ஆத்தங்குடிக் கல் தளத்தில் சிந்திவிடாதீர்கள். அது சிமெண்டில் கையால் செய்தது. அமிலம் பட்ட இடம் பொரிந்துவிடும். அந்தத் தளத்தை மறுபடி போட ஆகும் செலவில் ஒரு கலக்கி வாங்கலாம்.

இனி அளப்பது. புதிய கலக்கி வந்ததும் கல்ச்சரை ஊற்றாமல் வெறும் தண்ணீரில் கேஎல்ஏ பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 1.1 கிராம் ஆக்சிஜன். ஒரு கிராம் ஆக்சிஜனைத் தீர்க்க ஏறத்தாழ 8 கிராம் சோடியம் சல்பைட் வேண்டும். 10 முதல் 12 கிராம் சல்பைட்டை, வினையூக்கியாக ஒரு சிட்டிகை கோபால்ட் குளோரைடோடு கரைத்து ஊற்றி, மெதுவாகக் கலக்குங்கள். ஆக்சிஜன் மீட்டர் பூச்சியத்துக்கு வரும். இப்போது காற்றையும் கலக்கியையும் முழு வேகத்தில் போட்டுவிட்டு, மீட்டர் ஏறுவதை நொடிமுள்ளோடு எழுதுங்கள். மிஞ்சிய சல்பைட் தீரும் வரை முள் அசையாது. அசையத் தொடங்கிய பிறகு, உச்ச அளவில் பாதியைத் தொட எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 0.69-ஐ அந்த நேரத்தால், மணிக்கணக்கில், வகுத்தால் கேஎல்ஏ. பழைய குழாயில் பாதிக்கு வரப் பத்து நிமிடம் ஆகும். புதிய அமைப்பில் 36 நொடிதான். கோபால்ட் நச்சு; கையுறை போட்டுச் செய்யுங்கள், முடித்ததும் தொட்டியை நன்றாக அலசுங்கள், அந்தத் தண்ணீரைச் செடிக்கு விட வேண்டாம்.

மீட்டரைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. லேலண்ட் கிளார்க் 1956-இல் வெளியிட்ட மின்வாய்தான் இன்றும் பல மலிவு மீட்டர்களுக்குள் இருப்பது: பிளாட்டினம் எதிர்மின்வாய், வெள்ளி நேர்மின்வாய், இரண்டையும் மூடி ஒரு மெல்லிய டெஃப்லான் சவ்வு. சவ்வின் வழியே ஊடுருவும் ஆக்சிஜன் பிளாட்டினத்தில் ஒடுங்கும்போது வரும் மின்னோட்டமே அளவு. ஆகவே அது நேராகக் காட்டுவது ஆக்சிஜனின் பகுதி அழுத்தம். மில்லிகிராம் என்று திரையில் வருவது கருவி வெப்பநிலையை வைத்துப் போடும் கணக்கு. சவ்வில் செல்கள் படிந்தால் அளவு பொய்க்கும். சவ்வு தடித்திருந்தால் மீட்டரே அரை நிமிடம் தாமதமாகும்; அப்போது 36 நொடி என்ற கணக்கு நம்பத்தகாதது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மின்வாயின் சவ்வை மாற்றத் தெரியாது என்று சொல்வது நமக்கு அழகில்லை.

கல்ச்சர் ஓடும்போதே அளக்கவும் வழியுண்டு. காற்றை அரை நிமிடம் நிறுத்துங்கள். ஆக்சிஜன் இறங்கும் சரிவு பாக்டீரியாவின் பசி. மறுபடி திறந்ததும் ஏறும் வளைவிலிருந்து கேஎல்ஏ. இறங்கும்போது ஒரு மில்லிகிராமுக்குக் கீழே போக விடாதீர்கள். பழைய தொட்டியில் இதைச் செய்யவே முடியாது; ஐந்தாம் மணியில் மீட்டரை உள்ளே விட்டால் அது ஏற்கெனவே பூச்சியத்தை ஒட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள்.

சர்க்கரைக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அங்கே வீண் செலவு மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. செலவைக் குறைக்கக் கிளிசராலுக்குப் பதில் குளுக்கோஸ் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சூடோமோனாஸுக்குக் குளுக்கோஸை மிதமிஞ்சிக் கொடுத்தால், அது செல்லுக்குள் முழுவதையும் எடுக்கும் முன்பே வெளிப்பக்கத்தில் குளுக்கோனிக் அமிலமாக்கிவிடும். பிஎச் சரியும். அந்த வேலைக்கும் ஆக்சிஜன்தான் போகும். செல்லாக மாற வேண்டிய ஆக்சிஜன் அமிலமாகப் போய்விடும். போடுவதாக இருந்தால் குறைவாகத் தொடங்கி, சொட்டு நீர்போல மணிக்கணக்கில் ஊட்டுங்கள். ஊட்டும் வேகத்தை ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். கேஎல்ஏவைக் கூட்ட வழியே இல்லாத இடத்தில் இப்படி உணவை இழுத்துப் பிடித்து வளர்ச்சி வேகத்தைக் குறைப்பது மரியாதையான தீர்வு. நேரம் அதிகமாகும், கல்ச்சர் கெடாது.

இன்னும் இரண்டு சிறு சந்தேகங்களுக்கும் பதில். குடுவையில் வரும் மஞ்சள்பச்சை நிறம் தொட்டியில் வரவில்லை என்பதை ஆக்சிஜன் மேல் மட்டும் போடாதீர்கள். அந்த நிறமி இரும்பைத் தேடிப் பிடிக்கப் பாக்டீரியா சுரப்பது. திரவத்தில் இரும்பு தாராளமாக இருந்தால் சுரக்காது. துருப்பிடித்த குழாயோ வால்வோ எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, வேகவைத்த ஊடகத்தில் விதை ஊற்றும் முன்பே தெரியும் வெண்கலங்கல். கடினத்தன்மை கொண்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாஸ்பேட் உப்பைப் போட்டுச் சூடாக்கினால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும்; அது ஒளியடர்த்தியைக் கூட்டிக் காட்டும். மழைநீரைச் சேமிக்கும் வீடாயிற்றே உங்களுடையது, அதைப் பயன்படுத்துங்கள். இதே தொட்டியில் நாளைக்கு லாக்டோபாசில்லஸ் வளர்க்கப் போவதாக இருந்தால் மேலே சொன்ன காற்றுக் கதையெல்லாம் வேண்டாம். அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அசோஸ்பைரில்லம் நடுவில் நிற்பது. நைட்ரஜனை நிலைப்படுத்தும்போது அது குறைந்த ஆக்சிஜனையே விரும்பும்.

1000 லிட்டர் தொட்டிக்கு வருவோம். வடிவம் மாறாமல் ஐந்து மடங்கு பெரிதாக்கினால் நீளங்கள் 1.7 மடங்காகும். ஒரு லிட்டருக்கு அதே வாட் கொடுக்கக் கலக்கியின் சுற்று நிமிடத்துக்கு 210-ஆக இறங்கும், மோட்டார் ஐந்து மடங்காகும். காற்றை லிட்டருக்கு அதே விகிதத்தில் விட்டால் தொட்டியின் குறுக்குப்பரப்புக்குக் காற்று அதிகமாவதால் கேஎல்ஏ சற்றுக் கூடவே கிடைக்கும், நுரையும் கூடும். ஆக்சிஜன் பக்கம் பயமில்லை. இடிப்பது வெப்பம்: ஒரு லிட்டருக்குப் பிறக்கும் வெப்பம் அதேதான், அதை வெளியேற்றும் சுவர்ப்பரப்பு லிட்டருக்கு 1.7 மடங்கு குறைந்துவிடும். சிறிய தொட்டியில் குளிர்விப்பு திணறினால் பெரியதில் நிச்சயம் தோற்கும். அத்துடன் ஃபுளோரசன்ஸைப் பயிர்நோய்த் தடுப்பு மருந்தாக விற்க 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும்; பெரிய தொட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

எனவே வரிசை இது: முதலில் 150 மில்லி குடுவைச் சோதனை, பிறகு வளையக் குழாயும் கலக்கியும் தடுப்புத் தகடுகளும், பிறகு வெறும் தண்ணீரில் சல்பைட் அளவு, அதன் பிறகு ஒரு முழு ஓட்டம், மணிக்கு ஒருமுறை ஒளியடர்த்தியோடு வெப்பநிலையும் ஆக்சிஜனும் குறித்து. அந்த எண்களைக் கொண்டு வாருங்கள். பெரிய தொட்டிக்கு என்ன மோட்டார், எவ்வளவு குளிர்நீர் என்பதை அவற்றிலிருந்துதான் கணக்கிட முடியும்.